புது மாடியூலா, கழட்டினதா?

பாம்பன், மண்டபம் பக்கம் மீன் லோடு அடிக்கிற வண்டியில் பியூயல் பம்ப் கண்ட்ரோல் மாடியூல் (எரிபொருள் பம்புக்குப் போகிற கரண்டைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் பெட்டி) போய்விட்டால் ரெண்டு வழி. பழைய வண்டியிலிருந்து கழட்டினது விலை குறைவு. பார்ட் நம்பர் மட்டும் அப்படியே ஒத்துப்போகணும். ஆசைப்பட்டு ஒன்று வாங்கினேன். கனெக்டர் பின்னெல்லாம் பச்சை பூத்து, அலுமினிய முதுகில் வெள்ளைப் பொடி. உப்புத்தண்ணி உள்ளே இறங்கியிருந்தால், ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் அணையும். பாம்பன் பாலத்து நடுவில் நின்றால் தெரியும் சேதி!

புதுசு விலை கடிக்கும், சில மாடலுக்கு ஸ்கேனர் வைத்து புரோகிராமும் பண்ணணும். இருந்தாலும் நான் புதுசைத்தான் மாட்டுவேன். அதற்கு முன்னால் பியூஸ், ரிலே, எர்த் வயரைப் பார்த்துவிடுங்கள்; பல நேரம் குற்றவாளி அங்கேதான். கழட்டும்போது பேட்டரி நெகட்டிவை எடுத்துவிட்டு, ஐஸ் தண்ணி சொட்டாத இடமாகப் பார்த்து மாட்டுங்கள்.