சீனமும் டிசைனும்: நான்கு வருட அனுபவம்

முதல் ஆறு மாதம் நான் சீனம் படித்தேன் என்று சொன்னால் அது பொய். சீனம் படிப்பதற்கான ஏற்பாட்டைத்தான் வடிவமைத்துக்கொண்டிருந்தேன். செயலித் திரைகளை வடிவமைப்பது தொழில் என்பதால் கை சும்மா இருக்கவில்லை. ஆங்கி என்ற மனப்பாட அட்டைச் செயலியில் எழுத்துக்கு ஒரு அட்டை, தொனிக்கு, அதாவது குரலின் ஏற்ற இறக்கத்துக்கு, ஒரு நிறம். அட்டைகள் பார்க்க அவ்வளவு அழகு! பயனரைப் புரிந்துகொள், மாதிரி செய், சோதித்துப் பார் என்பதுதானே டிசைன் திங்கிங்? அந்தச் சோதனையை மட்டும் வசதியாக மறந்துவிட்டேன்.

ஏழாவது மாதம் முதன்முதலாக ஒரு சீனருடன் பேசினேன். 'வாங்க வேண்டும்' என்று சொல்ல நினைத்து 'விற்க வேண்டும்' என்றேன். இரண்டுக்குமே 'மை'தான். குரல் தாழ்ந்து எழுந்தால் வாங்குவது, சட்டென்று இறங்கினால் விற்பது. என் அட்டையில் ஒன்று பச்சை, மற்றது சிவப்பு. நிறம் நன்றாக நினைவிருந்தது, குரல்தான் வரவில்லை. அப்புறம் நிறங்களை அழித்துவிட்டு முன்பக்கத்தில் ஒலிப்பதிவை மட்டும் வைத்தேன். வாரம் ஒருமுறை யாரிடமாவது பேசிச் சொதப்புவது என்றும் முடிவு செய்தேன். (பின்யினில், அதாவது சீனத்தை ஆங்கில எழுத்தில் எழுதும் முறையில், 'ஆர்' என்று எழுதும் ஒலி கிட்டத்தட்ட நம் ழகரம். நமக்குக் கிடைக்கும் சலுகை அவ்வளவுதான்.) எச்எஸ்கே என்ற சீன மொழித் தேர்வின் பழைய ஆறு நிலை வடிவில் நான்காம் நிலையை, அதாவது 1,200 சொற்களை, எட்டியது இந்த மாற்றத்துக்குப் பிறகுதான்.

எழுத்துகள் என் தொழிலையே கொஞ்சம் மாற்றின. பெரும்பாலான எழுத்துகளில் ஒரு பாகம் பொருளைச் சுட்டும், இன்னொரு பாகம் ஒலியைச் சுட்டும். 'ச்சிங்' என்று ஒலிக்கும் பாகத்தின் இடப்பக்கம் நீர்க்குறி போட்டால் தெளிவு, சூரியனைப் போட்டால் மேகமில்லாத வானம், பேச்சுக்குறி போட்டால் 'தயவுசெய்து'. தொனி மட்டும் மாறும். படக்குறியின் கீழே இருக்கும் சொல்லை எடுத்துவிட்டால் திரை சுத்தமாகிவிடும் என்று வாதாடியவன் நான். மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் புழங்கும் எழுத்துமுறையே படத்தை மட்டும் நம்பாமல் ஒலியைத் துணைக்கு வைத்திருக்கிறது. இப்போது யாராவது சொல்லை எடுக்கச் சொன்னால் சண்டைக்குப் போகிறேன்.

இன்னொன்று அளவைச்சொல். பொருள்களை எண்ணும்போது எண்ணுக்கும் பெயருக்கும் நடுவே அது வரும். தாள், மேசை போன்ற தட்டையானவற்றுக்கு 'ஜாங்'. ஆறு, சாலை, மீன் என்று நீண்டு கிடப்பவற்றுக்கு 'தியாவ்'. கத்தி, குடை, சாவி, நாற்காலிக்கு 'பா'. நாற்காலி எப்படி இதில் சேர்ந்தது என்று ஒரு வாரம் குழம்பினேன். முதுகைப் பிடித்துத்தானே இழுத்துப் போடுகிறோம்! 'பா' கைப்பிடிக்கான சொல். அந்தச் சமயத்தில் ஒரு செயலியின் கருவிகளைத் துறைவாரியாகப் பிரித்து வைத்திருந்தோம். அதைக் கலைத்து, பயனரின் கை செய்யும் வேலையை வைத்து அடுக்கிப் பார்த்தோம். நன்றாகவே உட்கார்ந்தது.

குறை என்றால் கையெழுத்து. பின்யினில் தட்டியே பழகியதால், படிக்கத் தெரிந்த எழுத்தில் பாதிகூட எழுத வராது.

'நெருக்கடி' என்ற சீனச் சொல்லில் ஆபத்தும் வாய்ப்பும் சேர்ந்திருக்கின்றன என்று ஒரு ஸ்லைடு டிசைன் வகுப்புகளில் சுற்றும். நானும் காட்டியிருக்கிறேன். தப்பு. அதன் இரண்டாம் எழுத்து 'வாய்ப்பு' என்ற சொல்லிலும் வருகிறதே தவிர, இங்கே அதற்குத் திருப்புமுனை, முக்கியத் தருணம் என்றுதான் பொருள். அந்த ஸ்லைடைத் தூக்கிவிட்டேன். அதன் இடத்தில் இப்போது கத்தி, குடை, சாவி, நாற்காலி படங்கள். இவற்றுக்குள் என்ன ஒற்றுமை என்று கேட்டுவிட்டு, யாராவது ஒருவர் விரல்களை மடக்கிக் காட்டும்வரை காத்திருப்பேன்.