ஃபார்பர்வேர் ஓப்பன் ஹார்த் கிரில்: பழசை நம்பி வாங்கலாமா?

இது வீட்டுக்குள் வைத்துச் சுடும் மின்சார கிரில்; கம்பியில் கோத்த கோழியை மோட்டார் சுழற்றும். வாங்கலாம், முழுக்கோழி சுடத்தான் என்றால். தடித்த ஸ்டேக் வெளியே கருகலாகவும் உள்ளே சிவப்பாகவும் வேண்டும் என்பவருக்கு இது ஏமாற்றம்தான்.

நியூயார்க் பிராங்க்ஸ் ஆலையில் செய்யப்பட்ட சரக்கு இது. ஆலை 1996இல் மூடப்பட்டுவிட்டது. 450, 454, 455 மாடல்கள் அமெரிக்கப் பழைய பொருள் கடைகளிலும் கராஜ் சேல்களிலும் இன்னும் கண்ணில் படும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சட்டம், நடுவில் சூடேறும் வளைந்த காயில், மேலே கம்பி வலை, அடியில் கொழுப்புத் தட்டு, சுழல்கம்பியும் அதன் மோட்டாரும், அவ்வளவுதான். சுவிட்ச் கிடையாது, தெர்மோஸ்டாட் கிடையாது. பிளக்கைச் செருகினால் எரியும், பிடுங்கினால் அணையும். கெட்டுப்போகப் பாகங்களே குறைவு என்பதால்தான் இத்தனை வருடம் தாக்குப்பிடிக்கிறது.

இதில் புகை அதிகம் வராது, காரணம் அந்தக் கொழுப்புத் தட்டு. உருகும் கொழுப்பில் பெரும்பகுதி காயிலின் இடைவெளி வழியே நேராகக் கீழே விழுகிறது. தட்டு அதிகம் சூடாகாததால் விழுந்த கொழுப்பு கருகுவதில்லை. காயில் மேலேயே சொட்டுவது மட்டும் சற்றுப் புகையும். தேன், சர்க்கரை கலந்த மசாலாவைக் கடைசிப் பத்து நிமிடத்தில் பூசினால் அதுவும் அடங்கும். தயிர் மசாலாவை வழித்துவிட்டு வையுங்கள்.

கோழிக்கு 1.5 கிலோ நல்ல அளவு. இறக்கையையும் காலையும் நூலால் உடம்போடு இறுக்கிக் கட்ட வேண்டும். கம்பியில் கோத்த பிறகு இரு முனைகளையும் உள்ளங்கைகளில் வைத்து உருட்டிப் பாருங்கள். ஒரே பக்கம் திரும்பத் திரும்பக் கீழே சாய்ந்தால் கோத்தது சரியில்லை, பிரித்துக் கோக்கவும். இதைச் சோம்பலில் விட்டால் மோட்டார் பாரமான பக்கத்தைத் தூக்கத் திணறும், உச்சி தாண்டியதும் அந்தப் பக்கமே தடாலென்று விழும். பல் சக்கரம் தேய்வது இப்படித்தான். காயிலைப் பத்து நிமிடம் முன்கூட்டியே சூடாக்கிவிட்டால் ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரத்தில் வெந்துவிடும். நேரத்தை நம்பாமல் தொடையின் தடித்த இடத்தில், எலும்பில் படாமல் தெர்மாமீட்டர் குத்தி 74 டிகிரி செல்சியஸ் காட்டுகிறதா என்று பார்ப்பதே சரி.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது ஒயர். செருகும் முனையில் பிளாஸ்டிக் பழுப்பேறியோ வெடித்தோ இருந்தால், உள்ளே பிடிப்பு தளர்ந்து சூடேறியிருக்கிறது என்று அர்த்தம். அதைப் பழுது பார்க்காதீர்கள், மாற்றிவிடுங்கள். துணி சுற்றிய மிகப் பழைய ஒயர்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும்; வெட்டிப் பிரித்துப் பார்க்கும் ஆசை வேண்டாம். புது ஒயர் வாங்கும்போது பின் இடைவெளி, தடிமன் இரண்டையும் அளந்து, பொட்டியில் எழுதிய ஆம்பியர் போதுமா என்று பாருங்கள். காயில் பின்கள் கறுத்திருந்தால் நைஸ் எமரி தாளால் பளபளக்கும் வரை தேய்த்தால் போதும்.

அடுத்தது மல்டிமீட்டர். 120 வோல்ட்டில் 1,400 வாட் என்றால் இரு பின்களுக்கிடையே சுமார் 10 ஓம் காட்ட வேண்டும். உங்கள் மாடலின் வாட் தகட்டிலேயே இருக்கும், 120ஐ 120ஆல் பெருக்கி அந்த வாட்டால் வகுத்துக்கொள்ளுங்கள். பின்னுக்கும் காயிலின் வெளி உறைக்கும் இடையே தொடர்பே காட்டக் கூடாது. மெகர் (மின்காப்பை அளக்கும் கருவி) இருந்தால் 500 வோல்ட்டில் ஒரு மெகாஓமுக்கு மேல் நிற்க வேண்டும். நெடுநாள் ஈரமான இடத்தில் கிடந்த காயில் உள்ளே மின்காப்பாக இருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு ஈரத்தை உறிஞ்சியிருக்கும். செருகிய உடனே சமையலறை ஜிஎஃப்சிஐ (மின்கசிவு கண்டால் தானே துண்டிக்கும்) பிளக் பாயிண்ட் ட்ரிப் ஆகும். காயிலைத் தனியே கழற்றி, 110 டிகிரி செல்சியஸ் ஓவனில் சில மணி நேரம் உலர்த்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். பிறகும் கசிந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். மூன்று பின் எர்த் இல்லாத பொருள் என்பதால் ஜிஎஃப்சிஐ இல்லாத பாயிண்டில் செருகவே கூடாது.

அமெரிக்காவிலிருந்து ஊருக்குக் கொண்டுவர நினைப்பவர்களுக்கு: 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் மூன்றரை மடங்குக்கு மேல் மின்சாரச் சூடு, காயில் போய்விடும். குறைந்தது 2,000 விஏ (வோல்ட்-ஆம்பியர்) ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர், அதாவது வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதன் எடையையும் விலையையும் பார்த்தால் கொண்டுவராமல் இருப்பதே மேல்.

கழுவுவதில் ஒரே கவனம், காயிலையும் மோட்டாரையும் தண்ணீரில் முக்கக் கூடாது. காயில் மேல் ஒட்டியதைச் சுரண்ட வேண்டாம், அடுத்த முறை சூடேறும்போது தானே எரிந்து உதிரும். ஸ்டீல் பாகங்களைச் சுடுதண்ணீர், சோப்பில் ஊறவைத்து, விடாப்பிடிக் கறைக்கு பேக்கிங் சோடா பசை. அலுமினியப் பாகம் எதுவாக இருந்தாலும் டிஷ்வாஷரில் போடாதீர்கள், கறுத்துவிடும்.

மோட்டார் கிறீச்சிட்டால் பெரும்பாலும் கிரீஸ் கட்டிப்போயிருக்கும். மூடியைக் கழற்றி, பழையதை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு, சூடு தாங்கும் கிரீஸைப் பல் சக்கரத்தின் பற்களில் மட்டும் மெலிதாகத் தடவவும். தாராளமாக அப்பினால் மோட்டார் சுருளில் தெறிக்கும். சுழல்கம்பியும் கோழியைப் பிடிக்கும் முள்களும் இல்லாமல் விற்கிறார்கள் என்றால் பாதி விலைக்குக்கூட வேண்டாம். மோட்டார் துளைக்குப் பொருந்தும் கம்பியைத் தனியாகத் தேடிப் பிடிப்பது, இன்னொரு முழு கிரில் வாங்குவதைவிடச் சிரமம்.