முழங்கால் தேய்மான மருந்து வேலை செய்யுதோ எண்டு எதை வச்சு அளக்கிறது? எக்ஸ்ரேயோ எம்ஆர்ஐயோ?

யாழ்ப்பாணத்தில முழங்கால் நோவெண்டு போனா முதல் எடுக்கிறது எக்ஸ்ரேதான், மலிவு, கெதியா முடியும், வைத்தியத்துக்கு அது காணும். ஆனா புது மருந்து ஒண்டைச் சோதிக்கிற ஆய்வுக்கு அது காணாது. ஏனெண்டா தேயிறது எலும்பு நுனியை மூடியிருக்கிற குருத்தெலும்பு, எக்ஸ்ரேயில அது தெரியிறேல்ல, ரெண்டு எலும்புக்கும் நடுவில உள்ள இடைவெளியைப் பாத்து உத்தேசமாத்தான் சொல்லுகினம், மெனிஸ்கஸ், அதாவது ரெண்டு எலும்புக்கும் நடுவில மெத்தை மாதிரி இருக்கிற சவ்வு, கொஞ்சம் வெளியில தள்ளினாலும் இடைவெளி குறையும், அடுத்தமுறை காலை மடக்கிற கோணம் மாறினாலும் அளவு மாறும்.

எம்ஆர்ஐயில குருத்தெலும்பின்ர தடிப்பையே நேர அளக்கலாம், மூட்டின்ர ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியா. குருத்தெலும்பை வளர்க்கப் பாக்கிற ஸ்பிரிஃபெர்மின் எண்ட மருந்தை 549 பேரில சோதிச்சவை, 2019ல முடிவு வந்தது, 6 மாசத்துக்கொரு சுத்தா 100 மைக்ரோகிராம் ஊசியை மூட்டுக்குள்ள போட்ட ஆக்களுக்கு 2 வருசத்தில மருந்தில்லாத ஊசி போட்டவையை விட 0.05 மில்லிமீற்றர் தடிப்புக் கூட. இவ்வளவு சின்ன வித்தியாசத்தைப் பிடிச்சது எம்ஆர்ஐ எண்டபடியாத்தான். ஆனா நோவிலயும் நடமாட்டத்திலயும் சொல்லக்கூடிய வித்தியாசம் வரேல்ல, எனக்கு உண்மையா மனவருத்தம் தந்த விசயம் அதுதான். படம் நல்லா வந்து ஆள் நொண்டிக்கொண்டு திரிஞ்சா என்ன பிரயோசனம்?

தடிப்புக் குறைய முதலே உள்ளுக்க பழுதாகத் தொடங்கீடும், அதைப் பாக்க எம்ஆர்ஐயிலயே டீ2 மேப்பிங் எண்டொரு முறை இருக்கு. குருத்தெலும்புக்குள்ள தண்ணியும், அதைத் தாங்குற கொலாஜன் நாரும் மாறுறதை அது காட்டும், படம் தெளிவா வர எண்டு ஏத்துற மருந்து தேவையில்ல. ஒரு சிக்கல், கொலாஜன் நார் மெசினின்ர காந்தப்புலத்துக்குக் கிட்டத்தட்ட 55 பாகையில நிண்டா நல்ல குருத்தெலும்பும் பழுதான மாதிரித் தெரியும், மெசினுக்கு மெசின் எண்ணும் மாறும், அதால கன ஆஸ்பத்திரியில நடக்கிற ஆய்வெண்டா எல்லா மெசினையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்திட்டுத்தான் தொடங்கவேணும்.

டீஜெம்ரிக் எண்ட இன்னொரு எம்ஆர்ஐ முறை கிளைக்கோசமினோகிளைக்கனை, அதாவது குருத்தெலும்பில தண்ணியைப் பிடிச்சு வச்சிருக்கிற பொருளைக் காட்டும், ஆனா படத்துக்கெண்டு ஏத்துற கடோலினியம் எண்ட மருந்தை நாளத்தில ஏத்தி, ஆளை நடக்கவிட்டு, ஒரு மணித்தியாலத்துக்கு மேல காத்திருந்து படம் எடுக்கவேணும். வவுனியாப் பக்கம் கிட்னி வருத்தக்காரர் இருக்கிற எங்கட நாட்டில நான் இதைக் கேக்கமாட்டன், கிட்னி மோசமா இருந்தா கடோலினியம் ஆபத்து. டீ1ரோ எண்ட இன்னொரு எம்ஆர்ஐ முறைக்கு ஏத்துறது ஒண்டும் இல்ல, ஆனா அந்த வசதி எல்லா மெசினிலயும் இல்ல. குருத்தெலும்பில உள்ள சோடியத்தைப் பாக்கிற சோடியம் எம்ஆர்ஐக்கு முழங்காலைச் சுத்தி வைக்கிற தனிக் கொயிலே வேணும், விடுங்கோ.

என்ர தெரிவு, தடிப்பு முதல், டீ2 பக்கத்தில. அதோட சமமா நோவுக் கேள்வியும் வேணும், சப்பாணி கட்டி இருந்திட்டு எழும்ப ஏலுதோ எண்டதும் அதுக்குள்ள வரவேணும், எங்கட அம்மம்மாமார் கோயில்ல இருக்கிறது அப்பிடித்தானே.