எதிராளி யோசிக்கும்போது: பலகை முன் அமர்வதா, எழுந்து நடப்பதா?

சென்னையில் நடக்கும் கிளாசிக்கல் (நீண்ட நேர) சதுரங்க ரேட்டிங் போட்டிகளில், தம் நகர்த்தலை முடித்துக் கடிகாரத்தை அழுத்தியவுடன் எழுந்து மற்ற பலகைகளைச் சுற்றிவருபவர்களே மிகுதி. நான் இருக்கையிலேயே இருப்பதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டேன்.

நடப்பதால் முதுகும் கண்ணும் ஓய்வு பெறும் என்பதை யாரும் மறுக்கப்போவதில்லை. நம் முறை இல்லாதபோது ஆடுகளப் பகுதியைவிட்டு வெளியே வர விதியும் தடுப்பதில்லை. நடுவரின் அனுமதியின்றிப் போட்டி நடக்கும் வளாகத்தைத் தாண்டக் கூடாது, அவ்வளவே.

என் முடிவைத் தீர்மானித்தது, திரும்பி வந்து அமர்வதற்கு ஆகும் செலவு. நாம் பக்கத்துப் பலகையின் எண்ட்கேமில் (ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில்) லயித்திருக்கும்போது எதிராளி ஆடிவிட்டால், நம் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். வந்தமர்ந்து, எந்தக் காய் தாக்கப்படுகிறது, முந்தைய நகர்த்தலை எதற்காக ஆடினோம் என்று மீண்டும் கோத்துப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொண்டாலும், பத்து முறை எழுந்தால் 20 நிமிடம் போய்விடும். ஒருவருக்கு 90 நிமிடமும் நகர்த்தலுக்குக் கூடுதலாக 30 விநாடியும் உள்ள ஆட்டத்தில், 40ஆவது நகர்த்தலை நெருங்கும் வேளையில் தவிக்க வைப்பது இந்த நிமிடங்களே.

அமர்ந்திருப்பதிலும் இரண்டு விதம் உண்டு. எதிராளி ஆடக்கூடிய நான்கு பதில்களையும் ஆழமாகக் கணக்கிட்டால், அவர் ஆடப்போவது ஒன்றைத்தான் என்பதால் மூன்று கணக்குகள் வீணாகி, களைப்பு மட்டும் மிஞ்சும். சொந்த நேரத்தில் வேரியேஷன்களையும் (நகர்த்தல் வரிசைகளையும்) எதிராளியின் நேரத்தில் பொதுவான நிலைமையையும் சிந்திக்கும், முன்னாள் உலக சாம்பியன் போத்வின்னிக்கின் முறையே எனக்கு உகந்ததாக இருக்கிறது: எந்தக் காய் வேலையின்றி நிற்கிறது, எந்தச் சிப்பாய் பலவீனம், எந்தக் காய்மாற்றம் நமக்குச் சாதகம் என்னும் கேள்விகளுக்கான விடைகள் பெரும்பாலும் எந்தப் பதில் வந்தாலும் பயன்படும். செக்குக்கோ காய் வெட்டுக்கோ ஒரே பதில்தான் உண்டு என்றால் மட்டும் கணக்கிடலாம்.

2024இல் சிங்கப்பூரில் நடந்த உலக சாம்பியன் போட்டியில் நம் சென்னையின் குகேஷ் பலகை முன்னேயே கண்களை மூடி அமர்ந்திருந்ததைப் பலரும் பார்த்திருப்பார்கள். 14ஆவது ஆட்டத்தில் எதிராளி டிங் லிரென் 55ஆவது நகர்த்தலாக ரூக்கை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுவந்தபோது, குகேஷும் முதலில் வேறொன்றை ஆட எண்ணி, அதன்பிறகே மூலையில் சிக்கிய டிங்கின் பிஷப்பைக் கவனித்தார். பல மணி நேரம் அமர்ந்திருந்தவர் கண்ணுக்கே சற்றுத் தாமதமாகப் பட்டது, அப்போதுதான் உலாவித் திரும்பியவருக்குப் பட்டிருக்குமா என்பது ஐயமே.

ஆயினும் நான்கு மணி நேரத்தைத் தாண்டும் ஆட்டங்களில் என் அனுபவம் குறைவு. அங்கே உடல் தளர்வு இந்தக் கணக்கை மாற்றக்கூடும். ஓப்பனிங் (தொடக்க நகர்த்தல்கள்) முடிந்த கையோடு எதிராளி நீண்ட யோசனையில் இறங்கினால் தண்ணீர் குடிக்க நானும் ஒருமுறை எழுவதுண்டு. நேர நெருக்கடி தொடங்கிய பிறகு எழுவதில்லை.