தோற்கும் அணியில் மட்டை, வெல்லும் அணியில் பெஞ்சு

ஞாயிறு காலை காலணியை மாட்டும்போதே வீட்டில் கேட்டுவிடுவார்கள்: "இன்றைக்கும் தோற்கத்தானே போகிறாய்?" மறுக்க முடியாது. பந்தை மெதுவாக வளைத்து வீசி ஆடும், பேஸ்பால் போன்ற ஸ்லோபிட்ச் சாஃப்ட்பால் ஆட்டத்தில் எங்கள் அணி இந்த ஆண்டில் இன்னும் ஓர் ஆட்டம்கூட வெல்லவில்லை. இதற்கு முன் ஒரு கிரிக்கெட் அணியிலும், கோப்பை வாங்கும் ஒரு சாஃப்ட்பால் அணியிலும் இருந்திருக்கிறேன். மூன்றையும் அனுபவித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தத் தோற்கும் அணிதான் எனக்குப் பிடித்தது.

கிரிக்கெட்டை விட்டுக்கொடுக்க மனம் வராதுதான். கிரிக்கெட் ஆடும் இந்தியச் சங்கமும் சிலோன் ஸ்போர்ட்ஸ் கிளப்பும் இருக்கும் சிங்கப்பூரின் பாலஸ்டியர் சாலைப் பக்கம் வளர்ந்தவனுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் பந்து வீசத் தெரியாத எட்டாம் நிலை ஆட்டக்காரனின் ஞாயிறு எப்படிப் போகும்? முன்னால் இறங்கியவர்களே 20 ஓவரையும் முடித்துவிடுவார்கள். காலில் கட்டிய காப்பைக் கட்டியபடியே அவிழ்க்க வேண்டியதுதான். அதிசயமாக இறங்கி முதல் பந்திலேயே அவுட்டானால், மீதி நேரம் ஸ்கோர் எழுதும் வேலை.

சாஃப்ட்பாலில் அந்த அநியாயம் கிடையாது. ஏழு இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் மூன்று அவுட், ஆக ஓர் அணிக்கு 21 அவுட். பத்துப் பேர் வரிசையாக மட்டை பிடிக்கும்போது, எவ்வளவு கேவலமாக ஆடினாலும் ஆளுக்கு இரண்டு வாய்ப்பு உறுதி. அவுட்டானவனும் சுற்றி வந்து மறுபடி நிற்பான். ஓட்ட வித்தியாசம் எல்லை மீறினால் ஆட்டத்தைப் பாதியில் முடிக்கும் விதி மட்டும் எங்களுக்கு எமன். அது எங்களுக்கு நன்றாகவே பழக்கம்.

கோப்பை அணியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பள்ளியில் இணைப்பாட நடவடிக்கையாகவே சாஃப்ட்பால் ஆடியவர்கள். பந்து அவர்கள் கையுறையைத் தேடிப் போகும். நான் தண்ணீர்ப் புட்டி தூக்கினேன். கோப்பையோடு எடுத்த படத்தில் ஓரத்தில் என் பாதி முகம் இருக்கிறது.

எங்கள் அணியின் கதை வேறு. போன மாதம் 19-3 என்று பின்தங்கியிருந்தோம். ஐம்பது தாண்டிய எங்கள் அண்ணன் ஒருவர் மட்டையோடு நின்றார். ஆறடிக்கு மேல் வளைந்து மெதுவாக இறங்கும் பந்து, அடிப்பது எளிது என்று தோன்றும். காத்திருக்கப் பொறுமை இல்லாவிட்டால் காற்றைத்தான் அடிப்போம். இந்த முறை காத்திருந்தார். ஆட்டக்காரர் ஓடித் தொட வேண்டிய நிலைகளை பேஸ் என்போம்; பந்து மூன்றாம் பேஸைத் தாண்டி விழுந்தது. "அண்ணே, ஓடுங்கள்!" என்று கத்தினோம். மட்டையைக் கீழே போட மறந்து, கையில் பிடித்தபடியே முதல் பேஸுக்கு ஓடிச் சேர்ந்தார். எதிரணியினரும் கைதட்டினார்கள்.

குறைகளும் உண்டு. பெயரில்தான் 'சாஃப்ட்', 12 அங்குலச் சுற்றளவுள்ள அந்தப் பந்து கிரிக்கெட் பந்தைவிடக் கனமானது, முழங்காலில் பட்டால் ஒரு வாரம் நொண்ட வேண்டும். இன்னொன்று மின்னல். எச்சரிக்கை ஒலித்ததும் திடலைக் காலி செய்தாக வேண்டும். வெல்லும் அணிகள் வானத்தைச் சபிக்கும். நாங்கள் பிராட்டாக் கடைக்கு நடையைக் கட்டுவோம்.

வரும் ஞாயிறுக்கு ஒன்பது பேர்தான் தேறியிருக்கிறார்கள். கையுறை என்னிடம் இரண்டு இருக்கிறது, ஒன்று இடக்கைக்காரருக்கானது.