கோழிகள் கொத்திக்கொண்டால்: அலகை வெட்டுவதா, அலகுக்கு வேலை கொடுப்பதா?

வீட்டுக் கோழிகள் ஒன்றையொன்று கொத்த ஆரம்பித்தால் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். மூக்கை வெட்டு, கொத்துகிறதைச் சந்தையில் தள்ளு, வேப்பெண்ணெய் தடவு, புண்ணாக்கு போடு என்று. எல்லாமே எங்கோ ஒரு வீட்டில் பலித்தவைதான். ஆனால் நடப்பது சண்டையா, இறகு பிடுங்கலா என்று பார்க்காமல் கை வைத்தால் கோழிக்கு வலிதான் மிச்சம்.

சண்டை நேருக்கு நேர் நடக்கும். கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு தலையிலும் கொண்டையிலும் கொத்தும். யார் பெரியவள் என்று முடிவானதும் பெரும்பாலும் அடங்கிவிடும். இறகு பிடுங்குவது அப்படியல்ல. சத்தமில்லாமல் பின்னால் போய் முதுகிலும் வாலடியிலும் ஒவ்வொன்றாகப் பிடுங்கும், சில கோழிகள் பிடுங்கியதைத் தின்னவும் செய்யும். இதில் கோபம் எதுவும் இல்லை. மண்ணைக் கிளறி இரை பொறுக்க வேண்டிய அலகுக்கு மண் கிடைக்காதபோது பக்கத்துக் கோழி மேல் போகிறது. ஆனால் ஒரு சொட்டு ரத்தம் தெரிந்துவிட்டால் மற்றவையும் சேர்ந்துகொள்ளும், உயிர் போகும்வரை விடாது. முதுகு மொட்டையாக இருக்கிறது என்றாலே கொத்துதான் என்று நினைத்துவிடவும் வேண்டாம். இறகு உதிர்காலமாக இருக்கலாம், பேனாக இருக்கலாம், சேவல் மிதித்ததாகவும் இருக்கலாம்.

நம் பக்கத்தில் இந்தத் தொல்லை பெரும்பாலும் கோழிகளை அடைத்து வைக்கும் நாட்களில்தான் வருகிறது. ராகியும் கடலையும் விதைத்த கொல்லையில் கோழி கிளறினால் பக்கத்துக்காரர் சும்மா இருக்கமாட்டார். மாந்தோப்பில் பூ எடுக்கும்போது மருந்து அடித்தாலும் திறந்துவிட முடியாது. நாள் முழுக்க மேய்ந்த கோழிகளைத் தகர ஷீட் போட்ட கொட்டகைக்குள் பூட்டுகிறோம். இடம் குறைவு, வெக்கை அதிகம், கிளற ஒன்றுமில்லை.

அலகு வெட்டுவதை எடுத்துக்கொள்வோம். பெரிய முட்டைப் பண்ணைகளில் குஞ்சுப் பருவத்திலேயே சூடான தகட்டில் நுனியை வெட்டுகிறார்கள். அங்கே தீவனம் தொட்டியில் வருகிறது, கோழி எதையும் தேடிப் பொறுக்க வேண்டியதில்லை. வீட்டுக் கோழிக்கு அலகுதான் கை. கரையான் பிடிக்க, சிதறிய தானியம் பொறுக்க, தன் மேலுள்ள பேனைக் கோத எல்லாவற்றுக்கும் அது வேண்டும். அலகுக்குள் நரம்பு ஓடுகிறது. வளர்ந்த கோழிக்கு வெட்டினால் அந்த வலி நெடுநாள் நிற்கும். சும்மா இருக்கிற அலகு வெட்டிய பிறகும் சும்மாதான் இருக்கப் போகிறது. வீட்டுக் கோழிக்கு இதைச் செய்யவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். மூக்கில் மாட்டும் பிளாஸ்டிக் கண்ணாடியும் முற்றத்துக்கு ஆகாது. எதிரே உள்ள கோழியை மறைப்பது போலவே பருந்தையும் கீரியையும் மறைத்துவிடும்.

அடுத்தது தீவனம். நான் முதலில் கை வைக்கச் சொல்வது இங்கேதான். ராகியில் புரதம் சுமார் 7 சதவீதம்தான், மக்காச்சோளத்தில் 9. முட்டையிடும் கோழிக்கு 16 முதல் 18 சதவீதம் வேண்டும். மேயும்போது பூச்சி தின்று அந்தக் குறையைத் தானே சரிசெய்துகொள்ளும், அடைத்தால் முடியாது. இறகே புரதம்தான், அதனால் குறை வந்தால் இறகைத் தேடிப் போகும். கடலைப் புண்ணாக்கில் 40 சதவீதத்துக்கு மேல் புரதம் உண்டு, ஆனால் இறகு வளரத் தேவையான மெத்தியோனின் என்ற புரதக் கூறு அதில் குறைவு. எள்ளுப் புண்ணாக்கில் அது தாராளம். ஆகவே தனிக் கடலைப் புண்ணாக்கைவிட இரண்டையும் பாதிப் பாதி கலப்பது மேல். அடைத்து வைக்கும் நாட்களில் மூன்று பங்கு தானியத்துக்கு ஒரு பங்கு இந்தக் கலவை என்றால் 16 சதவீதத்தை ஒட்டி வந்துவிடும். பூசணம் பிடித்த புண்ணாக்கை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், ஈரலைக் கெடுத்துவிடும். உப்புக் கருவாட்டுத் தூளும் வேண்டாம், உப்பு மிஞ்சினால் கோழி செத்துப்போகும்.

தொட்டித் தண்ணீரில் மிதந்து வளரும் அசோலாச் செடியைப் பெரிதாகச் சொல்கிறார்கள். நல்லதுதான், ஆனால் பச்சையாகப் பார்த்தால் அதில் பெரும்பங்கு தண்ணீர், கோடையில் தொட்டியைக் காப்பாற்றுவதும் பாடு. அதைவிட முருங்கைக் கொத்தைக் கயிற்றில் கட்டி, கோழி எக்கிக் கொத்தும் உயரத்தில் தொங்கவிடலாம். சத்தும் கிடைக்கும், அலகுக்கு வேலையும் கிடைக்கும். பழைய பானையில் சாணமும் வைக்கோலும் கிழிந்த சாக்கும் நனைத்துத் திணித்து, கரையான் உள்ள மண்ணில் இரவு கவிழ்த்து வைக்கும் நம் ஊர்ப் பழக்கமும் இந்த வகைதான். காலையில் தட்டினால் குஞ்சுகளுக்குத் தீனி. தானியத்தைத் தட்டில் வைக்காமல் வைக்கோலில் தூவிவிட்டால் அரை நாள் கிளறிக்கொண்டே இருக்கும். பகலிலும் அடைப்பதென்றால் கோழிக்கு 4 சதுர அடியாவது விடுங்கள்.

சரி, சண்டைக்கு என்ன செய்வது? அடிவாங்குவதைத் தனியே பிரிப்பதா, அடிப்பதைப் பிரிப்பதா? எல்லோரும் அடிபட்டதைத்தான் தூக்கிப் பஞ்சாரத்தில் போடுவார்கள். ரத்தம் கண்டிருந்தால் அது சரி. மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் போட்டு, புண் ஆறும்வரை தனியே வைக்கத்தான் வேண்டும். ரத்தம் வராத நிலையில் அடிக்கிற கோழியைத்தான் நாலைந்து நாள் கண்ணில் படாமல் வைக்க வேண்டும். அது திரும்பும்போது மற்றவை தங்களுக்குள் வரிசை போட்டிருக்கும், பழைய அதிகாரம் பெரும்பாலும் எடுபடாது. அப்புறமும் அடங்காவிட்டால் விற்றுவிடுவதில் தப்பில்லை. சேவல் என்றால் இவ்வளவு பார்க்கத் தேவையில்லை. எட்டு, பத்துப் பெட்டைக்கு ஒன்று போதும், மிஞ்சியதைத் திருவிழாவுக்கு முன்னால் கொடுத்துவிடலாம்.

பெருவிடை என்ற சண்டைக்கோழி இனத்தோடு கிரிராஜாவைச் சேர்த்து வளர்ப்பதை நான் ஏற்கமாட்டேன். பெங்களூரு ஹெப்பாலில் உருவான கிரிராஜா கனமான, சாதுவான கோழி. பெருவிடையின் ரத்தத்திலேயே சண்டை இருக்கிறது.

சந்தையில் வாங்கிய கோழியை இருட்டியதும் கூட்டத்தோடு விட்டுவிடுவது வழக்கம். இரவில் சண்டை வராது, விடிந்ததும் வரும். முதல் இரண்டு மூன்று வாரம் தூரமாகத் தனியே வையுங்கள், வெள்ளைக்கழிச்சல் நோய் இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். பிறகு ஒரு வாரம் கம்பிவலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பார்த்துப் பழகட்டும். திறந்துவிடும் நாளில் இரையை ஒரே இடத்தில் வைக்காமல் மூன்று நாலு இடங்களில் தூவுங்கள்.