அஜந்தாவுக்கு கார் பேசுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பேசுங்கள்

போன மாதம் புனேயிலிருந்து நண்பர்கள் நான்கு பேர் அஜந்தா போனோம். வெள்ளி இரவு பஸ் ஏறி விடிகாலையில் ஔரங்காபாத்தில் இறங்கினோம். அங்கிருந்து குகைகளுக்கு சுமார் 100 கிலோமீட்டர். ஒரு டிராவல்ஸில் முன்கூட்டியே கார் பேசியிருந்தோம். 7 மணிக்குக் கிளம்பலாம், குகை வாசல் வரை வண்டி போகும் என்று சொல்லியிருந்தார்கள். இரண்டுமே பொய்.

கார் வந்ததே எட்டரைக்கு. ஊரைத் தாண்டுவதற்குள் டிரைவர் ஒரு ஜவுளிக்கடை முன்னால் நிறுத்தினார். "பத்தே நிமிஷம் சார், ஹிம்ரூ நெசவு பாருங்க." மூலையில் ஒரே ஒரு தறி. அதில் நான்கு இழை ஓட்டிக் காட்டிவிட்டு எங்களை மாடிக்குக் கூட்டிப்போய், சால்வைகளை ஒவ்வொன்றாக உதறி உதறி மடியில் போட்டார்கள். டீ வந்தது. வேண்டாம் என்று எழுந்து வெளியே வந்தால் டிரைவரைக் காணோம். ஒரு மணி நேரம் கழித்து வந்தார். அப்புறம் வழியில் ஒரு கல் கடை, அவர் சொன்ன தாபாவில்தான் சாப்பாடு. கடைக்குக் கடை அவருக்குக் கமிஷன் என்பது அப்போதுதான் உறைத்தது.

தனியார் வண்டிகள் குகைக்கு 4 கிலோமீட்டர் முன்பே நின்றுவிட வேண்டும். அங்கிருந்து அரசு பஸ்தான். ஓவியங்களைப் புகையிலிருந்து காக்க வைத்த நல்ல ஏற்பாடு அது. அதை மறைத்து வண்டி பேசியதுதான் தப்பு. வரிசையில் நின்று உள்ளே போகும்போது மணி மூன்று.

முதல் குகையில் பத்மபாணி என்ற போதிசத்துவரின் ஓவியம். உள்ளே போனதும் இருட்டு மட்டும்தான். கண் பழகப் பழக முதலில் கையிலிருக்கும் தாமரை, பிறகு கிரீடம், கடைசியில் தாழ்ந்த அந்த இமைகள். 1,500 வருஷத்துக்கு முந்தைய வண்ணம். இருபது நிமிடம் அங்கேயே நின்றோம், அதில் வருத்தமே இல்லை. 16, 17ஆம் குகைகளில் ஓட்டமும் நடையும்தான். 24ஐத் தாண்டும்போது காவலர் விசில் ஊதிவிட்டார். 26ஆம் குகையில் சுமார் 7 மீட்டர் நீளத்துக்குப் பள்ளிகொண்ட புத்தர் இருக்கிறார், அவர் உயிர் நீத்த பரிநிர்வாணக் காட்சி. எங்களில் ஒருவன் அதற்காகவே வந்தவன். எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தான், விடவில்லை.

திரும்பும் வழியில் டிரைவர் 'வெயிட்டிங் சார்ஜ்' என்று 800 ரூபாய் கேட்டார். டிராவல்ஸில் போனை எடுக்கவில்லை. இருட்டிவிட்டது, நடுவழி. கொடுத்தோம்.

கடைகளில் நிறுத்தக் கூடாது, வெயிட்டிங் கிடையாது என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொண்டு அட்வான்ஸ் கொடுங்கள். ரயிலில் வருகிறவர்களுக்கு ஜல்கான் இன்னும் பக்கம், 60 கிலோமீட்டர்தான். திங்கட்கிழமை அஜந்தா விடுமுறை. நேரம் குறைவு என்றால், முதலில் நேராக 26ஆம் குகைக்குப் போய்விட்டு அங்கிருந்து திரும்பிப் பார்த்துக்கொண்டே வாருங்கள்.